அடுப்படியில் செருப்பு

ராஜபாளையம்,
புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் மாரிசெல்வத்துக்கு உன் அம்மா பெத்தம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? கொடுத்துவிட்ட பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா? நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உன் பெண்டாட்டி காளீஸ்வரி ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கூமாப்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. போனில் சொல்லலாம் என்றால் பட்டாளத்தில் நீ காவல் நிற்கிற மலையில் பாதிப் பேச்சு காற்றோடு போகிறது. மீதிப் பாதிக்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உன் அப்பா இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அந்த ஒரு உதவிக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பாய். செருப்புக்கு.

அவளுக்குக் குதிகால் வலி என்பது உனக்குத் தெரியும். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் அடி வைக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் நடந்தால் விடும். பிறகு பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில், சிமெண்டுத் தரையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். செங்கலைச் சுடவைத்து எருக்கிலை போட்டு மிதிக்கச் சொன்னேன். மிதித்தாள். சூடு ஆறும்வரை சுகம், அவ்வளவுதான். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். நீயும் போனில், ‘எடுத்துரச் சொல்லும்மா’ என்றாய்.

அவள்தான் பயந்துபோய், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசியோதெரபி பார்க்கிற ஜெபக்குமார் தம்பியிடம் போயிருக்கிறாள். அவர் மெத்தென்ற செருப்புப் போடு, வெறுங்காலோடு நிற்காதே என்று சொல்லி, காலுக்குப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவளும் வாங்கினாள். நம் வழக்கப்படி வீட்டு வாசலில் கழற்றினாள். தறி ஷெட்டிலும், பூசை போடுகிற இடமாச்சே என்று, வாசலிலேயே கழற்றினாள். ஆக, செருப்பு காலில் கிடந்தது பஸ்ஸுக்குப் போகிற வழியில் மட்டும். வலி எப்படிப் போகும்? மறுமுறை போனபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். ‘நீ நிக்கிற எடம் அடுப்படியும் ஷெட்டும். அங்க கழத்தி வச்சிட்டு ரோட்டுக்கு எதுக்கும்மா போடுத?’ என்றாராம். அதன் பிறகுதான் வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி வாங்கியிருக்கிறாள். அவரிடம் போகிறாள் என்று தெரியும்; இந்த விவரமெல்லாம் நேற்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை, புரட்டாசிச் சனி. மாவிளக்குக்கு மாவு இடித்து வைத்து, அடுப்படி அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பூவும் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், இவள் செருப்புக் காலோடு வந்து நிற்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! ‘ஏட்டி, பெருமாளுக்குப் படைக்கிற எடத்துல செருப்பா? இந்தப் பழக்கத்தையெல்லாம் ஒங்க கூமாப்பட்டில வச்சுக்கோ’ என்று கத்திவிட்டேன். அவள் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு நின்று அம்புட்டுச் சமையலையும் முடித்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். தான் மட்டும் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

நேற்று நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்தத் தம்பியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நன்றாகக் குழப்பி அனுப்பிவிட்டார். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில் பட்டையாக ஒரு நார் ஓடுகிறதாம். நின்று நின்று அது நொந்துபோயிருக்கிறதாம், வலி அதில்தானாம். அப்படியென்றால் அந்த முள் என்று கேட்டேன். ‘வலியே இல்லாதவங்க காலுலயும் முள்ளு இருக்கும்மா. ஒங்க காலப் படம் எடுத்தாலும் இருக்கலாம்’ என்கிறார். முள் இருக்குமாம், வலிக்காதாம்! ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்குத்தான் கேட்குமாம், திரும்பத் திரும்பப் போட்டால் அந்த நாரே அறுந்துபோகவும் கூடுமாம். கட்டிலை விட்டு இறங்குமுன் கால் விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பது, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, வெறுந்தரையில் நிற்காமலிருப்பது, இவற்றைப் பொறுமையாகச் செய்தால் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடுமாம். ஆனால் மாதக்கணக்கில் ஆகுமாம். அதற்கும் கேட்காத சிலருக்குத்தான் ஆபரேஷனாம். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, இது ஒரு வைத்தியமா? படித்தவர் பொய்யா சொல்வார்? அப்படியென்றால் அந்த டாக்டரும் படித்தவர்தானே? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ராசா.

வீட்டுக்கு வந்து, என் செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தேன். நிலைப்படியைத் தாண்டக் கால் வரமாட்டேன் என்கிறது. உன் அப்பாவிடம் கேட்டால், ‘நீதான பேசுன, நீயே கூப்பிடு. என்னைய இதுல இழுக்காத’ என்று பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். கூமாப்பட்டிக்குப் போன் போட்டேன். சம்பந்தியம்மா எடுத்தார்கள். அங்கே மழை உண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எம்புட்டோ பேசுகிற வாய், இதற்கு வரவில்லை. அவள் வீட்டுக்குள் போட வாங்கின செருப்பு இங்கேதான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே வெறுங்காலோடு வேலை பார்க்கிறாளோ, வலி கூடிவிட்டதோ, தெரியவில்லை. கோபத்தில் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது. அவள் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லையப்பா.

இன்று காலையில் குளித்துவிட்டு, பெருமாளிடம் கேட்டுக்கொண்டு, படத்தை அடுப்படியிலிருந்து எடுத்து நடுவீட்டில் உயரமாக வைத்துவிட்டேன். சரி செய்தேனா, தப்பு செய்தேனா, தெரியவில்லை. எங்கே வைத்தாலும் பெருமாள் நிற்பார். நிற்க முடியாமல் இருப்பது அவள்தானே.

ஆபரேஷன் பேச்சை இப்போதைக்கு எடுக்காதே. இதைப் பார்த்ததும் அவளுக்குப் போன் போடு. அத்தைதான் கூப்பிட்டாள் என்று என் பேரைச் சொல்லியே சொல். நம் வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் குனிவாள். குனியவேண்டாம், போட்டபடியே உள்ளே வா என்று அத்தை சொன்னதாகச் சொல்லிவிடு.

என்றும் உன் நலத்தை வேண்டும்
அம்மா,
பெத்தம்மாள்.