இளமதிக்கு வாசித்த கேள்விகள்

செப்டம்பர் 6, சனி

பக்கத்து வீட்டு இளமதி வந்தாள். எளாவூரில் டீக்கடை வைத்திருக்கும் குப்புராஜின் மகள். பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கித் தேர்வில் அவளுக்குக் கேள்விகளை வாசித்து, அவள் சொல்லும் விடையைக் கணினியில் குறிக்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். செல்போன் திரையை வாசித்துச் சொல்லச் சொல்ல, வாசிப்பவருக்கான படிவத்தை அவளே நிரப்பினாள். என் படிப்பைக் கேட்டாள். பள்ளி இறுதி.

"அப்பாடா! என்னவிட கம்மியா படிச்சவங்கதான் வரணுமாம்."

கான்வென்ட் என்று சேர்க்கச் சொன்னேன். அதற்கு இடமில்லையாம்.

வயது வரம்பு இத்தோடு முடிகிறது அவளுக்கு. சிப்காட் கம்பெனியில் போன் எடுக்கும் வேலையும் டிசம்பரோடு போகிறது. நான் பிசகக் கூடாது.

செப்டம்பர் 13

தர்க்கக் கேள்விகள் மட்டும் வாசித்தேன். பாதிக்கு மேல் தவறு. பட்டதாரிதானே?

செப்டம்பர் 16

இன்றும் பாதி தவறு. ஏன் இவ்வளவு தப்பு என்று கேட்டேவிட்டேன்.

"உங்களாலதாம்மா."

என்னாலா!

"நீங்க நெனைக்கிற பதிலு வந்தா உங்க கொரலு ஏறுது. நானும் மயங்கி அத்தையே சொல்லிடறேன். தப்பாவுது."

குப்புராஜ் வேறு சிரிக்கிறார். "பஸ் கண்டக்டர் மேரி ஒரே சுதியில படிங்கம்மா!"

எழுந்து வந்துவிட்டேன். கான்வென்ட்டில் காலை வழிபாட்டில் வாசிக்க சிஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கா வாசிக்கத் தெரியாது? என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் அவரும் சிரித்திருப்பார். பாவி மனுஷன்.

செப்டம்பர் 17

போகவில்லை.

செப்டம்பர் 18

குப்புராஜ் வந்தார். ஆளை மாற்றும் தேதி முடிந்துவிட்டதாம். "பொண்ணு சாப்டாம குந்திகினு கீதும்மா."

போனேன். மின்தடை அறிவிப்பு வாசிப்பதுபோல் வாசித்தேன். வெட்கமாக இருந்தது. முக்கால்வாசி சரியாகச் சொன்னாள்.

அக்டோபர் 4, சனி

தேர்வு. "எல்லா லாரிகளும் கப்பல்கள். சில கப்பல்கள் மரங்கள். முடிவு: சில லாரிகள் மரங்கள்."

சரியான முடிவுதானே! பளிச்சென்று தெரிகிறதே!

"அப்படிச் சொல்ல முடியாது. மூணாவது போடுங்க."

மவுஸ் மேல் விரல் நின்றது. இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்கலாமா? கேட்டாலே காட்டிக்கொடுத்ததாகும். கேட்காவிட்டால் — இந்த ஒரு மதிப்பெண்ணில் அவள் வேலை போனால்?

மூன்றை அழுத்தினேன்.

ரயிலில் கும்மிடிப்பூண்டி வரும்வரை அந்தக் கேள்வியையே மனசுக்குள் திருப்பித் திருப்பி வாசித்தேன். அந்தப் பொண்ணு பொழப்ப நானே கெடுத்துட்டேனோ?

அக்டோபர் 5

ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. தாளில் வட்டம் போட்டுப் பார்த்தேன். லாரி வட்டம் கப்பல் வட்டத்துக்குள். மரம் கப்பலின் மறு ஓரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போகலாம். லாரியைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

மூன்றுதான் சரி. அவள் சரி. நான் —

நவம்பர் 20, வியாழன்

இளமதி முதல்நிலையில் தேறிவிட்டாள். முதன்மைத் தேர்வுக்கும் நானே வர வேண்டுமாம். மாலையிலேயே பயிற்சிக்கு உட்கார்ந்தோம்.

"அந்த லாரி கேள்விக்கு நீங்க இன்னாம்மா நெனச்சீங்க? கொரல்ல ஒண்ணுமே தெரியல."

வாசிக்க வந்தவள் எதையும் நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியை வாசித்தேன்.