குறுக்கே போட்ட இரண்டு விரிப்புகள்

ஹார்க்ரிக் பண்ணை,
நார்தம்பர்லாந்து,
14 நவம்பர் 1937

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், கறுப்புப் பசுவும் அதன் கன்றும் உட்பட. கனடாவில் இந்நேரம் பனி கொட்டத் தொடங்கியிருக்கும், கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே, அழகுக்காக விறைத்துப் போனவளை யாரும் பாராட்டியதில்லை. உன் சித்தி மாபெல் எனக்கு முந்திக்கொண்டு எழுதியிருப்பாள். அக்கா போட்ட துணியால் ஒரு பையன் செத்தான், போதாததற்கு ஊர் நடுவே போய் அதைச் சொல்லியும் வந்தாள் என்று எழுதியிருப்பாள். அவள் எழுதியது உண்மைதான், ஆனால் முழுதும் இல்லை, மீதியை என்னிடம் கேள்.

போன மாதம் இருபதாம் தேதி மதியம் கறுப்புப் பசுவுக்குக் கன்று வயிற்றில் குறுக்கே மாட்டிக்கொண்டது. அப்பா மேலே மலையில் ஆடுகளோடு இருந்தார். கத்தினால் கேட்காது என்று உனக்கே தெரியும், இங்கே எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சரிவில் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பு என்றால் சாப்பாடு தயார், இரண்டாவதைத் தலைமாட்டில் குறுக்கே போட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வா. பழைய விரிப்புகள் துவைக்க ஊறிக்கொண்டிருந்ததால் நீ முதல் சம்பளத்தில் அனுப்பினாயே, அந்த இரண்டையும் நீளவாட்டில் மடித்துப் போட்டேன். சேற்றில் போட மனசில்லை, ஆனாலும் அந்த வெள்ளையைப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தபோதே மூடுபனியும் இறங்கியது. கீழே இந்த வருஷம் தொடங்கிய விமானப் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் விமானம் ஒன்று வீட்டை இரண்டு முறை சுற்றியது, நான் கையாட்டினேன். மூன்றாம் முறை தாழ வந்து விரிப்பை ஒட்டித் தரையைத் தொட்டு, ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே போய்க் கல் சுவரில் மோதியது. அப்பாவும் நானும்தான் அவனை வெளியே இழுத்தோம். லயனல் கார்சைட், லீட்ஸ்காரன், பத்தொன்பது வயது, தனியாகப் பறந்து வழி தவறியவன். என் மடியில் கிடந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “எறங்கச் சொல்லித்தானே துணி போட்டிருந்தீங்க?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம்ப்பா என்றேன். அவன் உயிர் போனதும் அந்த விரிப்புகளில் ஒன்றைத்தான் எடுத்துப் போர்த்தினேன்.

மறுநாள் விமானப் பள்ளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். துணி கிடந்த இடத்தைக் காட்டினேன், அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் மைதானத்தில் இந்தப் பக்கமாக இறங்கு என்று காட்ட வெள்ளைத் துணியை இதே மாதிரிதான், T எழுத்துப் போலத் தலைமாட்டில் குறுக்குத் துண்டோடு போடுவார்களாம். பள்ளி தொடங்கி ஐந்து மாதம், ஒருத்தர் மலையேறி வந்து எங்களிடம் சொன்னாரா, எங்கள் வழக்கத்தைத்தான் கேட்டாரா? என் ஓட்ஸ் ரொட்டியைத் தின்றுகொண்டே அவர் மெதுவாகச் சொன்னார், “உங்க பேரு இதுல வர வேண்டாம்மா. பையன் விளையாட்டா தாழப் பறந்தான்னு நாங்க எழுதிக்கிறோம்.” யாருடைய பேரைக் காப்பாற்றுகிறார் என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. அப்பாவுக்கோ பயம். விமானப் பள்ளிக்கு அந்தக் கீழ் வயல்களைக் கொடுத்ததே நம் நிலக்காரர்தான், மே மாதம் நம் குத்தகை முடிகிறது. “செத்தவன் திரும்பி வரப்போறதில்ல எஃபி, நம்ம வாயாலயே நாம குழி வெட்டிக்கணுமா?” என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் போட்டேன்.

சாவு விசாரணை ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கூப்பிட்டது அப்பாவை மட்டும்தான், நான் இரண்டு விரிப்புகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே போனேன். அந்த விமானப் பள்ளி அதிகாரி எழுந்து, பையன் அடக்கமில்லாதவன், கட்டளையை மீறி வித்தை காட்டினான் என்று படித்தார். கடைசி பெஞ்சில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தது. அவன் அம்மா. எழுந்தேன். உட்காரம்மா என்றார் விசாரணை அதிகாரி. உட்காரவில்லை, விரிப்புகளைத் தரையில், கறையோடு, குறுக்கே போட்டேன். “அவன் பார்த்தது இதத்தான். போட்டது நான். இப்ப எழுதிக்குங்க” என்றேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா? எழுந்து வந்து சுருண்டிருந்த ஒரு முனையை நீவி விட்டார். அன்று இரவு அவருக்கு இரண்டாவது தடவையும் கறி வைத்தேன். பையன் மேல் குற்றமில்லை என்று ஜூரிகள் தீர்ப்பு எழுதினார்கள்.

வெளியே அவன் அம்மா வந்து, கடைசியில் ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். அவன் கேட்டதையும் நான் ஆமாம் என்றதையும் சொன்னேன், என்னை அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். “அப்ப எம்புள்ள சொன்னபடிதான் செஞ்சிருக்கான்” என்றாள். அவனைப் போர்த்திய விரிப்பைக் கேட்டாள். துவைத்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று அப்படியே வாங்கிக்கொண்டாள்.

இப்போது கோயிலில் நாலு பேர் என் பக்கத்தில் உட்காருவதில்லை, தாராளமாய் உட்கார இடம் கிடைத்தது. நிலக்காரரிடமிருந்து இன்னும் பேச்சில்லை. மே மாதம் வண்டி கட்டச் சொன்னால் கட்டுகிறோம், பொய்யின் மேல் உட்கார்ந்து ஆடு வளர்க்க என்னால் ஆகாது. வெள்ளைத் துணி போடக் கூடாது என்று பள்ளியிலிருந்து இப்போதுதான் கடிதம் வந்திருக்கிறது. இன்னொரு பிள்ளை சாகக் கூடாது, அதனால் நீலப் போர்வை போடுகிறேன். அதைக் கண்டுபிடித்து அப்பா இறங்கி வருவதற்குள் கஞ்சி ஆறிவிடுகிறது.

நீ அனுப்பிய துணியால்தானே என்று அங்கே உட்கார்ந்து அழாதே, அழுதாய் என்று தெரிந்தால் எனக்குக் கோபம் வரும். மிச்சமிருக்கும் ஒன்றை என் கட்டிலில் விரித்திருக்கிறேன். பெட்டியில் ஒளித்து வை என்றாள் மாபெல். தினமும் அதில்தான் படுக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காலுறையை மறக்காதே.

உன் அம்மா,
யூஃபீமியா டெல்ஃபர்