கிரீஷ் கையால் திருத்திய படம்

12 ஆகஸ்ட் 1997, செவ்வாய். மைசூர்.

எங்கள் மென்பொருளுக்கு இரண்டு வரைபடங்கள். ஒன்றில் ஒரு கட்டத்தையோ கோட்டையோ மாற்றினால் மற்றதும் தானாக மாற வேண்டும். அதற்கான விதிகளை எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். நேற்று என்னோடு வேலை செய்யும் கிரீஷ் அவசரத்துக்கு விதிகளை நிறுத்திவிட்டு, ஒரு படத்தை மட்டும் கையால் திருத்தியிருக்கிறான். இன்று வாடிக்கையாளர் முன்னால் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"உங்க விதிதாம்மா தப்பு," என்றார் மேனேஜர். கிரீஷ் கையிலிருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மாலையில் கணினிப் பதிவில், விதிகளை நிறுத்திய இடத்தில், அவன் பெயரைப் பார்த்தேன். அச்செடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் நீட்டினேன். அவர் வாங்கக்கூட இல்லை.

"ஹோகலி பிடிம்மா, போகட்டும் விடுங்க. நாளையிலேருந்து இந்த விதி வேலையை கிரீஷ் பார்த்துக்குவான். நீங்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்துடுங்க."

"சரி சார்" என்றேன். அந்த 'சார்' என்பதையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.