ஒப்பாரிக்கு அடுத்த பாட்டு

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் ஆடிப்பூரம். தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், வடத்தைத் தொடாமல் பால்கோவாவை மட்டும் தொட்டுவிட்டு வந்தேன். சுகரை வைத்துக்கொண்டு இப்படித் தின்கிறீரே என்று ஏச ஆளில்லை. அதனாலோ என்னவோ, அது இனிக்கவும் இல்லை.

அப்படியே ஷாகுல் பாயின் மைக்செட் கடைக்கும் போனேன். உங்கள் கேசட்டைப் பதிவு செய்த பின்னறையில் இப்போது சீரியல் பல்பு குவிந்து கிடக்கிறது. அன்று சன்னலில் ஷாமியானாத் துணியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வியர்த்து வழியப் பாடினீர்கள். ராஜபாளையம் மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை. பாய் தள்ளித் தள்ளி வைத்ததில் மைக் வாசற்படிக்கே போய்விட்டது.

உங்கள் ஊர்க் கும்மி, பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மாவிடம் கற்ற கோலாட்டப் பாட்டு, பாய் தப்ஸ் தட்ட ஒரு தாலாட்டு. எல்லாவற்றுக்கும் ஜால்ரா நான். வாழ்க்கையிலும் எனக்கு அதே உத்தியோகம்தான்.

அடுத்து ஒரு ஒப்பாரியும் வேண்டும் என்று நின்றீர்கள்.

“கல்யாண வீட்டுக்காரன் வாங்க மாட்டான், தங்கச்சி” என்றார் பாய்.

“கும்மி பாடுன வாய்தான பாய் ஒப்பாரியும் வைக்கி? இத மட்டும் எங்க கொண்டு ஒளிக்கச் சொல்லுதீய?”

பாய் சொன்னதுதான் நடந்தது. செட்டியார்பட்டிக் கல்யாணத்தில் கேசட்டைப் போட்டுவிட்டு அவர் பந்தியில் உட்கார்ந்தார். அவர் ரசத்துக்கு வருவதற்குள் ஒப்பாரி தொடங்கிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

“ஏலே மைக்செட்டு! இங்க எவம்லே செத்தான்?”

அன்றிலிருந்து அதற்குச் சாவுக் கேசட் என்று பெயர். வீட்டுக்குள் அது பாடக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவருக்குக் கோபமில்லை, பயம். உங்கள் குரலிலேயே ஒப்பாரி கேட்டால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

ஆனால் அந்த ஒப்பாரியைத் தாண்டினால் தனக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியாது. உங்கள் கல்யாணத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் கேலி பண்ணி நீங்களே கட்டிய நலங்குப் பாட்டு.

“சொல்லிப்புடாதீய கொழுந்தனாரே. அவிய தானாக் கேக்கட்டும்” என்றீர்கள்.

என்னிடம் சொன்ன ரகசியம் எதுவும் பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஊர்ச் சொத்தாகிவிடும். இது ஒன்றைத்தான் காப்பாற்றினேன். காப்பாற்றியிருக்க வேண்டுமா, மதினி?

நீங்கள் போன அன்று யாரும் கூப்பிடாமலே பாய் செட்டோடு வந்தார். வாசலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி உங்கள் ஒப்பாரியைப் போட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நீங்கள் பாடும்போது கூடவே வாய் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? உங்களுக்காக நீங்களே அழுது முடித்தீர்கள்.

அடுத்த நொடி என் ஜால்ரா துள்ளிக்கொண்டு வந்தது. ‘வாய் தெறக்காத மாப்பிள்ளைக்கு வாயில வெல்லம் வையுங்கடி!’

பாய் பதறி ஓடினார்.

“பாய், கை வைக்காதீய” என்றார் அண்ணன். “அத அவ எனக்குப் பாடுதா.”

முழுப் பாட்டையும் கேட்டார். வெல்லம் இரண்டாம் தடவை வந்தபோது சிரித்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இப்போது தினமும் மில் சங்கு ஊதியதும் அந்தக் கேசட்டைப் போடுகிறார். நேராக நலங்குக்குப் போகலாமே என்றேன்.

“அவ வச்ச வரிசையிலதாம்லே கேக்கணும்.”

எதிர்வீட்டுக்காரர், “காலங்காத்தால ஒப்பாரியாய்யா?” என்று கத்துகிறார். அண்ணன் சன்னல் வழியாகச் சொல்கிறார்: “இருங்கய்யா, அடுத்த பாட்டு வருது.”

டேப் தேய்ந்து, வெல்லம் வருகிற இடத்தில் உங்கள் குரல் இழுக்கிறது. பாயைப் பார்க்கப் போனது அதற்குத்தான். மூல டேப் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. “ஒப்பாரிய எடுத்துட்டுப் பதிஞ்சு தரவா?” என்றார். நான் முறைத்ததில் டீயே சொல்லவில்லை.

ஒரு பாட்டையும் எடுக்க விடமாட்டேன், மதினி. அண்ணன் காதில் அது முழுசாகவே ஓடும். நான் போகிற அன்றும் அதையே போடச் சொல்லியிருக்கிறேன். ஜால்ராவை மட்டும் கொஞ்சம் குறைத்து.

கடைசி வரை ரகசியம் காத்த,
உங்கள் சின்னக் கொழுந்தன்