மச்சான் பெயரில் பறப்பது யார்?

அன்புள்ள மச்சானுக்கு, மாப்பிள்ளை பூபதி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். உங்கள் நலம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

மல்லசமுத்திரத்தில் இந்த வருஷம் மழை பரவாயில்லை. பண்ணையில் கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன, வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் ரிக் வண்டி போர்வெல் போட சத்தீஸ்கர் பக்கம் போயிருக்கிறது. சுமதி இருக்கிறாள். உங்கள் தங்கை அல்லவா, என்ன ஏதென்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பதோடு சரி. இதெல்லாம் கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. மச்சான், உங்கள் பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலிருந்து நானும் மச்சானும் கம்ப்யூட்டரில் விமானச் சண்டை ஆடியவர்கள். அவர் தங்கையை நான் கட்டிய பிறகு வாடா போடா எல்லாம் வாங்க போங்க ஆனது, ஆட்டம் மட்டும் மாறவில்லை. ரிக் வண்டியோடு எந்த மாநிலத்தில் கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாட்ஜிலிருந்து லேப்டாப்போடு வந்துவிடுவார். அவர் வைத்துக்கொண்ட பெயர் 'ஆறரை இன்ச்'. அவர் போடும் குழாய்க்கிணற்றின் அகலம் அது. எனக்கு அவர் வைத்த பெயர் 'முட்டை'.

அப்போதெல்லாம் ஆட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. இருவர் மோதிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் கைவைக்க மாட்டான், மேலே ஏறி வேடிக்கை பார்ப்பான். தோற்றவன் ஜெயித்தவனுக்கு வணக்கம் போட்டுவிட்டுப் போவான். சிவப்பு, நீலம் என்று இரண்டு அணி உண்டு. எந்த அணியில் ஆள் குறைவோ அதில்தான் நாம் சேர வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். நீங்கள் சேலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சிவப்பில் ஆளே இல்லை, அதனால் இருவரும் சிவப்புக்குப் போனோம். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு சிவப்பு ஊதிப் பெருத்துவிட்டது. நான் உங்கள் சட்டப்படி நீலத்துக்கு மாறிக்கொண்டேன்.

இப்போது சிவப்பில் வருபவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை மச்சான், கும்பல். ஒருவனைப் பார்த்தால் பத்துப் பேர் பாய்கிறார்கள். நம் ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டு நின்று, சக்கரம் தரையை விடுவதற்குள் சுடுகிறார்கள். பண்ணையில் ஒரு கோழிக்குக் கொஞ்சம் ரத்தம் கசிந்தால் கூண்டே சேர்ந்து அதைக் கொத்தும். அதனால்தான் கோழிக்குச் சின்னதிலேயே மூக்கு வெட்டி விடுகிறோம். இவர்களுக்கு எதை வெட்டுவது?

சூரமங்கலத்து சிக்னல் சார் வெறுத்தே போய்விட்டார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், நம் மூவர் கூட்டில் எனக்கு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். போன மாதம் போனில், "பூபதி, இது சண்டையாப்பா? பஸ் ஸ்டாண்டுல திருடன் மாட்டுனா போறவன் வர்றவன் எல்லாம் ஒரு தட்டு தட்டுவானே, அந்தக் கதையா இருக்கு. நான் பேசாம சீட்டாடப் போறேன்" என்றார். நான்தான் கெஞ்சி நிறுத்தி வைத்தேன்.

கும்பலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கும்பலுக்கு முன்னால் ஒரு விமானம் வந்தது. அதன் தலைக்குமேல் 'ஆறரை இன்ச்' என்று எழுதியிருந்தது. உங்கள் பெயர், உங்கள் வால் நிறம், நீங்கள் இத்தனை வருஷம் சம்பாதித்த பட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நீங்கள் காறித் துப்பிய கும்பலுக்குத் தலைமை தாங்கிக்கொண்டு அது நேராக என்னை நோக்கி வந்தது.

அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் அங்கே அது வந்தது. ஆற்றோரம் பதுங்கினால் ஆற்றோரம், மலைக்குப் பின்னால் போனால் மலைக்குப் பின்னால். முன்னால் அது, பின்னால் கும்பல். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த விமானம் என்னை ஒருமுறைகூடச் சுடவில்லை. பக்கத்தில் வரும், கூடவே கொஞ்சம் பறக்கும். அதற்குள் மற்றவர்கள் வந்து என்னைச் சல்லடையாக்கி விடுவார்கள். காட்டிக்கொடுக்கிறவன் எதற்குச் சுட வேண்டும், கைகாட்டினால் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

யாரைத்தான் நான் சந்தேகப்படவில்லை? முதலில் சிக்னல் சாரை. வேலியே பயிரை மேய்கிறதோ என்று மனசு கெட்டுப்போய் ஒரு வாரம் அவர் போனை எடுக்கவில்லை. அடுத்து இன்டர்நெட் கேபிள் போட்டவரை. என் கம்ப்யூட்டருக்குள் எவனோ உட்கார்ந்திருக்கிறான் என்று பாஸ்வேர்டை மாற்றினேன், மைக்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கடைசியில் உங்களையே சந்தேகப்பட்டேன் மச்சான். போகிற காலத்தில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, என்னிடம் சொல்லாமலே போய்விட்டீர்களோ? கேட்க உங்களைத் தவிர எனக்கு யார் இருந்தார்கள்?

"ஏனுங்க, ஊட்ல எல்லாரையும் மொறச்சுப் பாக்கறீங்க" என்றாள் சுமதி. நான் விஷயத்தைச் சொல்லவில்லை. அண்ணன் பெயரை எவனோ திருடிவிட்டான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல" என்றேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிங்க" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

முடிச்சை அவிழ்த்தது சிக்னல் சார்தான். ஒரு நாள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே விமானம் ஓட்டினேன். அவர் கேட்டார்: "யாருகிட்டப்பா பேசற? கெழக்க திரும்பறேன், மேல ஏறறேன்னு சொல்லிக்கிட்டே இருக்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கே திரும்பினாலும் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்வது என் பழக்கம். "பொறகால நானிருக்கறேன், போங்க மாப்ள" என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். நீங்கள் போயும் என் வாய் நிற்கவில்லை. கழற்றி வைத்த மைக்கில் கேட்டிருக்க முடியாது. அப்படியென்றால் கேட்டது காதால்.

அடுத்த ஞாயிறு பொறி வைத்தேன். மாடி அறையில் உட்கார்ந்து, "பாலத்துக்கு மேல வாரேன் மச்சான்" என்று நன்றாகவே சொன்னேன். சொல்லிவிட்டுப் பாலத்துக்குப் போகாமல் மேகத்துக்கு மேலே ஏறி ஒளிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஆறரை இன்ச் பாலத்துக்கு வந்தது, அதன் பின்னாலேயே கும்பலும் வந்தது. அது பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு இறக்கையை இடமும் வலமுமாக ஆட்டியது. 'வந்துவிட்டேன், எங்கே இருக்கிறாய்' என்று நீங்கள் எனக்குக் காட்டும் சைகை மச்சான் அது. நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மேலிருந்து பாய்ந்து சுட்டிருந்தால் ஒரே அடியில் முடித்திருப்பேன். விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. சுடாமல் எழுந்து படியிறங்கினேன்.

மாடிப்படிக்குக் கீழே, தீவன மூட்டை மேல் உங்கள் லேப்டாப். அதன் எதிரில் சுமதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்து எழவில்லை, மறைக்கவும் இல்லை.

"பாலத்துக்கு மேலதான வாரேன்னீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீ எதுக்கு அந்தக் கும்பல்கூடச் சேந்து என்னைய அடிக்க வர்ற?" என்றேன்.

"நான் எங்கீங்க அடிச்சேன்? உங்ககூடப் பறக்கத்தான் வந்தேன். போன தடவை விட்ட செவப்புலயே அது என்னைய உள்ள விடுதுங்க. எப்புடி மாத்தறதுன்னு தெரியல. நீங்க சொல்ற எடத்துக்கு வாரேன், அண்ணம் பேரப் பாத்துட்டு அவிங்க எல்லாம் பொறகாலயே வாராங்க. நான் என்ன பண்றது?"

பெரிய ஆட்டக்காரன் எங்கே போகிறானோ அங்கேதான் கும்பல் போகும். உங்கள் பெயர் என்னைத் தேடி வந்தது, கும்பல் உங்கள் பெயரைத் தேடி வந்தது. இது தெரியாமல் நான் ஊரையே சந்தேகப்பட்டேன்.

"உனக்கு ஓட்டவே தெரியாதே" என்றேன்.

"ஆஸ்பத்திரில அண்ணனுக்குக் கை நிக்கலீங்க. அது கண்ண மூடிட்டுச் சொல்லும், நான் ஓட்டுவேன். உங்ககிட்ட மட்டும் சொல்லாதன்னுச்சு."

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமே சுமதி."

"சொன்னா நீங்க மேல பேசறத நிறுத்திப்போடுவீங்க" என்றாள். "இந்த ஊட்ல எங்கண்ணங்கூட இன்னும் பேசறது நீங்க ஒருத்தர்தானுங்க. அதக் கேக்கத்தான் இங்க உக்காருவேன்."

நானும் அந்தத் தீவன மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் அழுதோம் மச்சான், சொல்ல வெட்கமில்லை. மேலே என் விமானம் எங்கேயோ மோதி வெடித்த சத்தம் கேட்டது.

சிக்னல் சாரிடம் சொன்னேன். தன்னைச் சந்தேகப்பட்டதற்கு இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு நம்ம கூட்டுல சேருமா?" என்று கேட்டார். ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் ஆடிய கடைசி நாட்களில், நான்கு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டபோது நடுவில் புகுந்து என்னை மீட்டது நீங்களா, உங்கள் தங்கையா? அவளிடம் கேட்டேன், சிரிக்கிறாள். நீங்களும் சொல்லப்போவதில்லை.

சுமதியை நீலத்துக்கு மாற்றிவிட்டேன். நீலத்தில் ஆள் குறைவு, கும்பல் வரத்தான் செய்யும், நாங்கள் விழத்தான் செய்வோம். ஆனால் உங்கள் பெயர் இனி ஒருபோதும் கும்பலுக்கு முன்னால் பறக்காது, இது சத்தியம். காதில் மாட்டும் ஹெட்செட் ஒன்று அவளுக்கு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்றுவிட்டாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் மாடியிலிருந்து உங்களோடு பேசுவேன் மச்சான், முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக. கீழே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன், நீங்கள் பெயர் வைத்த முட்டை,
மாப்பிள்ளை பூபதி