கோட்டை மதிலில் அப்பா

வவுணதீவு

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கண்ணகை அம்மன் காவலில் நாங்கள் இருக்கிறோம், டோஹா வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும் பழுகாமத்துத் திவாகரனிடம் கொடுத்து விடுகிறேன்.

அப்பாவை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டதாம், இடது கண் போய்விட்டது, வலது கண்ணிலும் மிச்சம் கொஞ்சம்தான், போன பார்வை இனித் திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்த பிறகு அப்பா, "கோட்டைக்குப் போவம் புள்ள, உள்ளுக்க இருக்கிற கச்சேரிக்கு அரசாங்க அலுவலாப் போனதுதான், மதிலில ஏறி ஒருநாளும் பாக்கல்ல" என்றார். என் கையைத் தட்டிவிட்டுப் படியைத் தடவித் தடவி ஏறினார். மேலே நல்ல காற்று, பீரங்கிப் பக்கம் நின்றால் வாவியும் தோணிகளும் கல்லடிப் பாலமும் அவ்வளவு வடிவாகத் தெரிகின்றன. அப்பா பாலத்துப் பக்கம் கையை நீட்டி, "அந்தா நம்மட வட்டை, வயலெல்லாம் பச்சையாக் கிடக்கு" என்றார். நம்மட ஊர் முதுகுப் பக்கம் இருந்தது மகன். நான் ஓம் என்றேன். அந்த நேரம் ஏறாவூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பஹீமா என்ற பிள்ளை, ஒரு படம் எடுத்துத் தாங்க ஐயா என்று போனை நீட்டினாள். நான் வாங்குவதற்குள் அப்பா வாங்கிவிட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்க, அவர் வானத்தையும் வெறும் மதிலையும் எடுத்துக் கொடுத்தார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நல்லா வந்திரிக்கி ஐயா" என்றாள். இறங்கும்போது அப்பா தானாகவே என் தோளைப் பிடித்தார். கீழே வந்து, "அந்தப் புள்ளைட படத்தில ஆக்கள் விழல்லத்தானே" என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை, ஓம் என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் சொன்னது ஒன்றுதான், மகனுக்குச் சொல்லாத என்று.

இப்போதும் விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போகிறார். போன மாதம் அழகரத்தினம் அண்ணரை யானை அடித்தது அங்கேதான், கண் நன்றாகத் தெரிந்த மனிதர் அவர். நான் தடுத்தால், கண்ணில்லாதவன் எண்டு வீட்டுக்குள்ள வைக்கப் போறியா என்று கேட்கிறார். சைக்கிள் மணிச் சத்தம் திரும்பி வரும்வரை எனக்கு அடுப்படியில் கை ஓடுவதில்லை.

வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னாய். இந்த முறை கையெழுத்து வைக்காதே மகன். போனில் அழுதுவிடாதே, கண்ணைப் பற்றிக் கேட்காதே, லீவு கிடைத்தது என்று வா. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மறக்காதே, பகலில் வீட்டுக்கு வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போடு, வெளிச்சத்தில் கிட்ட நின்றால்தான் அவருக்கு இன்னும் முகம் தெரிகிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
இலட்சுமிப்பிள்ளை