நாற்பத்தோராவது சுத்தி

கர்னல் சார்,

இன்று காலை காபிக்குச் சுக்குத் தட்ட என் மனைவி அந்த மரச்சுத்தியை எடுத்தாள். "மெதுவா தட்டு, அது கவர்மென்ட் சொத்து" என்றேன். "அப்ப கவர்மென்ட்டையே வந்து தட்டச் சொல்லு" என்றாள். நீங்கள் கேட்டிருந்தால் மீசை ஆடச் சிரித்திருப்பீர்கள். போன மாதம் நீங்கள் போய்விட்ட செய்தி வந்தது. உங்களிடம் ஒரே ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் நம் பட்டாள அலுவலகத்தில் நான் ஸ்டோர் கிளார்க். அங்கே தலைமை அதிகாரி என்று எவரும் நிலைத்ததில்லை. ஒருவரை மாற்றுவார்கள், இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர், "இவரு தங்குவாரா சார்? தங்குவாருன்னா ரெண்டு கோட்டிங் அடிக்கிறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷையே தொடுவார். உங்களுக்கு ரெண்டு கோட்டிங் அடிக்கச் சொன்னவன் நான்தான். என் கணிப்பு அவ்வளவு லட்சணம்.

ஜெனரல் பார்வையிட வந்த நாளில் வந்தது வினை. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவரைப் பத்தரை வரை காணோம். சித்திரை வெயிலில் இரண்டு சிப்பாய்கள் மயங்கி விழுந்தார்கள். உடனே அணிவகுப்பைக் கலைத்து, எல்லோரையும் கேப்பைக் கூழ் குடிக்க அனுப்பிவிட்டீர்கள். ஜெனரல் வந்து இறங்கியபோது மைதானத்தில் நீங்களும் நானும் ஒரு சொறிநாயும்தான். நாய் மட்டும்தான் அட்டென்ஷனில் நின்றது. ஆட்கள் எங்கே என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். நீங்களும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னீர்கள், 'கூழ்' மட்டும் தமிழில் வந்தது.

மூன்றே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. உடனே ஓய்வு. அடுத்தவர் பொருள்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நீங்கள் சீருடையைக் கழற்றிவிட வேண்டும். அவர் வந்து சேர்ந்தது புதன்கிழமை. திண்டிவனத்தில் உங்கள் மகள் கல்யாணமோ வெள்ளிக்கிழமை. அப்பா சீருடையில் நின்று தாரைவார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. "பரவால்லப்பா, வேட்டியிலயே நின்னுக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அன்று சாயங்காலமே, கூடார முளை அடிக்கும் நாற்பது மரச்சுத்திகளில் ஒன்றைச் சோற்றுப்பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை முருங்கைக்காய் என்று வாசல் சிப்பாயிடம் சொன்னேன். பட்டியலில் ஒரு பொருள் குறைந்தாலும் கையெழுத்து விழாது அல்லவா?

வியாழக்கிழமை எண்ணினால் முப்பத்தொன்பது. "ஜல்தி தேடுங்கய்யா, பெரிய பேஜாரா போச்சு!" என்று புதியவர் குதித்தார். பாவம், நீங்களும் தரையோடு தரையாகப் படுத்துப் பீரோவுக்கு அடியில் தேடினீர்கள். மீசையெல்லாம் ஒட்டடை. நானும் உங்களைவிட மும்முரமாகத் தேடினேன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் சீருடையும் பதக்கமுமாக நின்றீர்கள். பெண் மாப்பிள்ளையைப் பார்க்காமல் உங்களையே பார்த்தாள். புதிய அதிகாரியும் வந்து மூன்று முறை பாயசம் வாங்கினார். பந்தியில் நான் உட்கார்ந்த மிடுக்கைப் பார்த்தவர்கள் என்னைத்தான் சம்பந்தி என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை சுத்தியை ரகசியமாகத் திரும்ப வைக்கச் சீக்கிரமே போனேன். அடக் கடவுளே, அங்கே ஏற்கெனவே நாற்பது இருந்தது! ஒன்றில் மட்டும் புது மர வாசனை. நம் அலுவலகத்தில் ஒன்று குறைந்தால் விசாரணை, ஒன்று கூடினால் அதைவிடப் பெரிய விசாரணை. சோற்றுப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். புதியவர் கையெழுத்துப் போட்டார். "இனிமே உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது, நிம்மதியா இரு" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினீர்கள்.

விசாரித்துக்கொண்டே போய்க் கோலியனூர்த் தச்சரைப் பிடித்தேன். "வியாழக்கெழம சாயந்தரம் உங்க கர்னலு வந்தாருங்க. அவரு பொண்ணு கல்யாணக் கட்டிலத்தான் இழைச்சிக்கினு இருந்தேன். கட்டிலு கெடக்கட்டும், சுத்திய இன்னிக்கே செஞ்சி குடு, இல்லன்னா எங்க கிளார்க்கு வேல போயிடும்னு ஒரே பிடிவாதம். சனிக்கெழமைக்கு முன்ன முடியாதுன்னு நான்தான் அனுப்பிட்டேன். சனிக்கெழம அவரே வந்து வாங்கிக்கினு போனாரு" என்றார்.

அந்தத் தச்சர் மட்டும் சரி என்றிருந்தால், கணக்கு நேராகிக் கையெழுத்தும் விழுந்து, வெள்ளிக்கிழமை நீங்கள் வேட்டியில்தான் நின்றிருப்பீர்கள். உங்கள் சீருடைக்காக நான் ஒளித்த சுத்திக்கு ஈடு வைக்க, என் வேலைக்காக அந்தச் சீருடையையே விடத் துணிந்திருக்கிறீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து விழுப்புரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பிறகு எத்தனையோ முறை திண்டிவனம் வந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை.

புதியவரையும் ஐந்தே மாதத்தில் தூக்கிவிட்டார்கள். அப்போதும் எண்ணினோம், நாற்பது சரியாக இருந்தது. நாற்பத்தோராவது என்னிடம்தான் இருக்கிறது, சார். ஒப்படைக்கத்தான் நீங்கள் இல்லை.